இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு மாதிரி அனுப்பும்போது நாங்கள் விடும் பிழைகள்

சிறுநீரக பயொப்சி ஊசியில் வருகிற துண்டு இடியப்ப இழையை விடத் தடிப்பில்லை. நீளம் ஒன்று, ஒன்றரைச் சென்ரிமீற்றர் இருக்கும். அதை மூன்றாகப் பங்கு போட வேண்டும். ஒரு பங்கு போமலினுக்கு, ஒரு பங்கு நோயெதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துப் பார்க்கிற இம்யூனோபுளோரசன்ஸ் சோதனைக்கு, மிஞ்சுகிற ஒன்றிரண்டு மில்லிமீற்றர் குளுற்றரல்டிகைட்டு என்கிற பதப்படுத்தும் திரவத்துக்கு. அந்தக் கடைசிப் பங்குதான் இலத்திரன் நுணுக்குக்காட்டி வரைக்கும் போகும்.

நான் மட்டக்களப்பில் மாதிரிகளைப் பொதி கட்டி அனுப்புகிற பக்கத்தில் வேலை செய்தவன். "படம் தெளிவில்லை, மாதிரி பழுது" என்று பதில் வந்தால் முதலில் தூரத்தில் இருக்கும் கருவியைத்தான் குறை சொல்வோம். ஆற அமர விசாரித்தால், பெரும்பாலும் பிழை நடந்தது நோயாளியின் கட்டிலடியில் அல்லது எங்கள் மேசையில், முதல் ஐந்து நிமிடத்துக்குள்.

சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியால் ஏறக்குறைய 200 நனோமீற்றருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது. இலத்திரன் கருவி ஒரு நனோமீற்றருக்கும் கீழே போகும். சில நோய்களைப் பிடிப்பதற்கு இந்த வித்தியாசம் வேண்டியிருக்கிறது. உடம்பெல்லாம் வீங்கி, சிறுநீரில் புரதம் கொட்டுகிற ஒரு பிள்ளையின் பயொப்சி ஒளி நுணுக்குக்காட்டியில் ஒரு குறையும் இல்லாமல் தெரியலாம். இலத்திரன் படத்தில் பார்த்தால், கலன்கோளத்தை (இரத்தத்தை வடிக்கிற நுண்ணிய குழாய் உருண்டையை) பிடித்துக்கொண்டிருக்கும் போடோசைட் கலங்களின் கால் போன்ற நீட்சிகள் தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடக்கும். பரம்பரையாக வரும் அல்போர்ட் நோயில் அந்த வடிகட்டியின் அடிமென்சவ்வு மெல்லியதாகவோ, ஏடு ஏடாகப் பிளந்தோ தெரியும். இப்படி நுணுக்கமாகப் பார்க்கிற கருவிக்கு நாங்கள் கலத்தில் உண்டாக்கிய சேதமும் அதே அளவு துல்லியமாகத் தெரியும்.

முதல் ஐந்து நிமிடம்

இழையம் உடம்பை விட்டு வெளியே வந்த கணமே கலம் தன்னைத் தானே கரைக்கத் தொடங்கிவிடும். இழைமணிகள்தான் முதலில் வீங்கும். பிடித்த மீனை வெயிலில் போட்டுவிட்டுப் பின்னேரம் ஐஸ் வைத்தால் என்ன ஆகும் என்று வாவிக்கரைக்காரருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் வார்டில் அதையேதான் செய்கிறோம். துண்டை உலர்ந்த துணியில் வைத்துவிட்டு, "போத்தல் எங்கே மிஸ்?" என்று தேடுவது. இல்லாவிட்டால் சேலைனில் போட்டு, படிவம் எழுதி முடியும் வரை விட்டுவிடுவது. துணியில் வைத்தது காய்ந்து சுருங்கும், சேலைனில் நின்றதில் கலங்கள் ஊதும். ஊசி போடுவதற்கு முன்பே போத்தல்கள் மூடி திறந்து, பெயர் ஒட்டி, வரிசையாக நிற்க வேண்டும்.

அடுத்தது துண்டின் பருமன். "சின்னதாய் இருக்கிறதே, பெரிசாய் அனுப்பினால் நல்லதுதானே?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்லதல்ல. குளுற்றரல்டிகைட்டு இழையத்துக்குள் மிக மெதுவாகத்தான் ஊறும். பட்டாணி அளவு துண்டைப் போட்டால் ஓரம் பதப்படும், நடு அழுகும். ஒரு மில்லிமீற்றர் கனசதுரம்தான் கணக்கு. அதைப் புது பிளேட்டால், பதப்படுத்தும் திரவத்தின் ஒரு துளிக்குள் வைத்தே வெட்ட வேண்டும். அமுக்கி வெட்டக் கூடாது, இழுத்து வெட்ட வேண்டும். சாமணத்தால் நசித்துப் பிடித்தால் அந்த நசிவும் படத்தில் வரும். சிறுநீரகம் என்றால் துண்டின் இரண்டு நுனியிலிருந்தும் எடுங்கள். எந்த நுனியில் கலன்கோளம் இருக்கும் என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. கலன்கோளமே இல்லாத துண்டை அனுப்பி, பத்து நாள் கழித்து "போதிய மாதிரி இல்லை" என்று கடிதம் வாங்கியவர்கள் நாங்கள்.

போத்தல் மாறிப்போவது அடிக்கடி நடக்கிற இன்னொரு பிழை. குளுற்றரல்டிகைட்டு பட்ட சாமணத்தை அப்படியே இம்யூனோபுளோரசன்ஸ் பங்குக்கும் பாவித்தால் அந்தச் சோதனை கெட்டது. மூன்று பங்குக்கும் மூன்று சாமணம் வைத்தால் இந்தப் பிரச்சினை தீரும். எங்கள் இடத்தில் போத்தல்களுக்கு மூன்று நிற நாடா ஒட்டிய பிறகுதான் இது குறைந்தது. யோசனை கொடுத்தவர் புதிதாக வந்த தாதி ஒருவர். நாங்கள் மூத்தவர்கள் அதுவரை "எழுதித்தானே இருக்கிறது, வாசித்தால் என்ன?" என்று ஏசிக்கொண்டிருந்தோம்.

திரவத்தின் வயதையும் பாருங்கள். 25 சதவீதக் குளுற்றரல்டிகைட்டுக் கரைசலைப் பஃபரில் (பி.எச். மாறாமல் பிடித்து வைக்கிற கரைசலில்) கலந்து 2.5 சதவீதமாக்குவது வழக்கம். பி.எச். 7.2 முதல் 7.4 வரை. வெறும் தண்ணீரில் கலந்தால் உப்புச் செறிவு பிசகிக் கலம் வீங்கும். கலந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மஞ்சள் பூத்திருந்தால் எறிந்துவிட்டுப் புதிதாகக் கலவுங்கள். "போன வருசம் கலந்தது, இன்னும் அரைப் போத்தல் இருக்கிறது" என்கிற சிக்கனம் இங்கே உதவாது.

ஐஸ் பெட்டியின் கதை

கச்சான் காற்று அடிக்கிற ஒரு ஆடி மாதம். வெளியே நெருப்பாய்க் கொதிக்கிறது. ஆய்வு செய்கிற ஒரு தம்பி எலி ஈரல் துண்டுகளை ரெஜிபோம் பெட்டியில் கொண்டுவந்தார். மீன் வாடியில் வாங்கிய ஐஸை உடைத்து, மேலே உப்பும் தூவி, அதற்குள் குப்பிகளைப் புதைத்திருந்தார். "ஐஸ் நிறையப் போட்டுத்தான் கொண்டு வந்த நான், அண்ணன்" என்று பெருமையாகச் சொன்னார். நானும் "நல்லது தம்பி" என்று வாங்கி வைத்தேன். அதுதான் என் பிழை.

உப்புப் போட்ட ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே போகும் என்பது ஐஸ் பழம் விற்கிறவருக்கும் தெரியும். குப்பிகள் உறைந்துவிட்டன. படங்கள் வந்தபோது கலங்கள் முழுக்க ஓட்டை, கறையான் அரித்த பலகை மாதிரி. கலத்துக்குள் இருந்த நீர் பளிங்காகி மென்சவ்வுகளைக் குத்திக் கிழித்த தடம் அது. ஆறு மாத வேலை போய்விட்டது. குளிர்ச்சி வேண்டும்தான், ஆனால் 4 பாகை செல்சியஸ் போதும். உறைந்த ஜெல் பொதியைக் கடதாசியிலோ துணியிலோ சுற்றி, குப்பி அதில் நேரடியாக முட்டாமல் வையுங்கள். முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் அறை வெப்பத்தில் பதப்பட விட்டு, பிறகு குளிரில் வைத்தால் இன்னும் நல்லது.

இங்கிருந்து கொழும்பு வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல், இரயிலில் ஓர் இரவு. வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுப்பினால் சனி, ஞாயிறு யாரும் திறக்காத அறையில் கிடக்கும். திங்கள் காலை அனுப்புங்கள். பல நாள் பிந்தும் என்று தெரிந்தால் ஓர் இரவுக்குப் பிறகு குளுற்றரல்டிகைட்டை மாற்றிப் பஃபரில் வைத்து அனுப்பலாம்.

படிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வயது, நோய்க்குறி, சிறுநீர்ப் புரத அளவு, குடும்பத்தில் யாருக்காவது காது கேளாமை உண்டா என்பவற்றை எழுதுங்கள். காது கேளாமையைக் கேட்பது அல்போர்ட் நோய்க்காக. வெறுமனே "சிறுநீரகம்" என்று எழுதினால் பார்க்கிறவர் எதைத் தேடுவது?

படம் வந்த பிறகு

ஆராய்ச்சி மாணவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது. மெல்லிய வெட்டு ஒன்றின் தடிப்பு 70 நனோமீற்றர் என்று வைத்தால், ஒரு மில்லிமீற்றர் துண்டுக்குள் அப்படி 14,000க்கு மேல் வெட்டுகள் இருக்கும். நாங்கள் பார்ப்பது அதில் சில வெட்டுகளை, அதிலும் சில மூலைகளை. அழகாய் வந்த ஒரு படத்தைக் காட்டி "ஈரலே இப்படித்தான்" என்று எழுதக் கூடாது. எத்தனை கலம் எண்ணினீர்கள், எந்த விலங்கில், யார் தெரிவு செய்தது என்று சொல்லுங்கள். எது மருந்து கொடுத்தது, எது கொடுக்காதது என்று எண்ணுகிறவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

ஒப்பிட ஆரோக்கியமான இழையம் இல்லாமல் முடிவுக்கு வருவது இன்னொரு பிழை. அம்பாறை மாவட்டத்துத் தெஹியத்தகண்டிப் பக்கம் விவசாயிகளிடம் காரணம் தெளிவில்லாத சிறுநீரக நோய் இருப்பது நாங்கள் அறிந்ததுதான். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கை உட்படப் பல நாட்டு நோயாளிகளின் நுண்குழாய்க் கலங்களில் வழமைக்கு மாறான பெரிய இலைசோசோம்களை (கலத்தின் கழிவைச் செரிக்கிற பைகளை) இலத்திரன் படங்களில் காட்டி, நச்சுப்பொருள்தான் காரணம் என்று வாதிட்டது. அந்த மாற்றம் இந்த நோய்க்கு மட்டும் உரியதா என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். உங்கள் ஆய்வுக்கும் அந்தக் கேள்வி வரும்.

கொரோனாக் காலத்தில் பெரிய ஆய்விதழ்களிலேயே நடந்தது வேறொரு கூத்து. சிறுநீரகக் கலத்துக்குள் முள் வைத்த உருண்டைகளைக் கண்டு "வைரஸ்" என்று அம்புக்குறி போட்டார்கள். பார்த்துப் பழகியவர்கள் மறுத்தார்கள். எல்லாக் கலத்திலும் சாதாரணமாக இருக்கிற, புரத உறை போர்த்த சிறு பைகளும் அதே பருமன், அதே முள். வித்தியாசம், அவை இருக்கும் இடத்தில்தான். கொரோனா வைரஸ் கலத்துக்குள் மென்சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்கும், அதன் உள்ளே கருப்புப் புள்ளிகள் தெரியும். முள் வைத்த உருண்டை குழியவுருவில் தனியே மிதந்தால் சந்தேகப்படுங்கள்.

ஈயம், யுரேனியம் கொண்ட நிறமூட்டிகள் சரியாகக் கழுவப்படாவிட்டால் கறுப்பு மணிகளாகப் படியும். அவற்றை நோயெதிர்ப்புப் படிவு என்று எண்ணியவர்கள் உண்டு. அந்த மணிகள் இழையமே இல்லாத வெறும் ரெசின் (துண்டைப் புதைத்து இறுக வைக்கிற பிளாஸ்ரிக்) பகுதியிலும் கிடந்தால் அது ஊத்தைதான்.

குளுற்றரல்டிகைட்டுக்குப் பிறகு துண்டைப் பதப்படுத்தப் பாவிக்கிற ஒஸ்மியத்தின் ஆவி கண்ணின் விழிவெண்படலத்தைக் கெடுக்கும், ஆவி அகற்றும் கூண்டுக்கு வெளியே திறக்கவே கூடாது. மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கை கழுவுகிற பழக்கமும் வேண்டாம். தண்ணீர் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது, நாங்கள் அதில்தான் இறால் பிடிக்கிறோம்.

கடைசியாக ஒன்று. அவசரத்தில் எல்லாத் துண்டையும் போமலினில் போட்டுவிட்டீர்கள் என்றால் எறிந்துவிடாதீர்கள். அதிலிருந்து ஒரு துண்டைக் குளுற்றரல்டிகைட்டுக்கு மாற்றலாம். மெழுகுக் கட்டியாகிவிட்டிருந்தால்கூட மீட்டெடுக்க வழியுண்டு. போடோசைட் கால்கள் தட்டையானதா, படிவு இருக்கிறதா என்பது அப்போதும் ஓரளவு தெரியும். ஆனால் மெழுகிலிருந்து மீட்ட துண்டில் அடிமென்சவ்வு உண்மையை விட மெல்லியதாகத் தெரியும், அதன் தடிப்பை அளந்து நோய் சொல்லக் கூடாது. அதனால் படிவத்தின் தலையில் "மெழுகிலிருந்து எடுத்தது" என்று எழுதி அனுப்புங்கள்.