முன்பணத்துக்கு ஈடாகக் கடவுச்சீட்டு: அமீரகம் செல்லும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாயிலும் சார்ஜாவிலும் ஓராண்டு வீட்டு வாடகையைச் சில காசோலைகளாகப் பிரித்து முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது பரவலான வழக்கம். அதனால் தமிழ்நாட்டிலிருந்தோ கேரளத்திலிருந்தோ அங்குள்ள சிபிஎஸ்இ பள்ளியொன்றில் வேலைக்குச் சேரும் ஆசிரியருக்கு, முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே பெருந்தொகை தேவைப்படுகிறது. நிர்வாகம் அதை முன்பணமாகத் தந்துவிட்டு, கடன் அடையும்வரை கடவுச்சீட்டு (பாஸ்போர்ட்) பள்ளி அலுவலகத்தின் பெட்டகத்திலேயே இருக்கட்டும் என்று சொல்வதுண்டு. அவசரத்துக்கு உதவியவரிடம் மறுத்துப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை. இவ்விஷயத்தில் நேரும் பெரும்பாலான தவறுகள் இந்தத் தயக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

முதல் தவறு, கடவுச்சீட்டை நகையைப் போல எண்ணுவது. அடகு நமக்குப் புதிதன்று. ரேஷன் அட்டையையும் ஏடிஎம் அட்டையையும்கூட வட்டிக்காரரிடம் விட்டுவைக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஆனால் நகை நம்முடையது, கடவுச்சீட்டு நம்முடையது அன்று. 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி அது எப்போதும் இந்திய அரசின் சொத்து. ஒரு குற்ற வழக்கில் புலனாய்வு அமைப்பு கைப்பற்றிய கடவுச்சீட்டைக்கூட முடக்கிவைக்கும் அதிகாரம் கடவுச்சீட்டு அதிகாரிக்கு மட்டுமே உண்டு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் சுரேஷ் நந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிமன்றமே இவ்வளவு வரம்பு கட்டியுள்ள ஒன்றைப் பள்ளியின் கணக்குப் பிரிவு பெட்டியில் பூட்டிவைக்க, நாம் எப்படி உரிமை தர முடியும்?

அடுத்தது, “விசா வேலைக்காகத்தான்” என்ற விளக்கத்தை மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருப்பது. வதிவிட விசாவைக் கடவுச்சீட்டில் ஒட்டித் தந்த காலத்தில் அதில் ஓரளவு நியாயம் இருந்தது. 2022 முதல் அந்த ஒட்டுமுறை கைவிடப்பட்டு, எமிரேட்ஸ் அடையாள அட்டையே வதிவிடச் சான்றாகிவிட்டது. இன்றும் விசா நடைமுறையின் ஏதோவொரு கட்டத்தில் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டியிருக்கலாம் என்றாலும், காட்டுவது வேறு, விட்டுவிட்டு வருவது வேறு. கொடுத்தே ஆக வேண்டுமெனில் கொடுத்த தேதி, காரணம், திரும்பப் பெறும் நாள் ஆகிய மூன்றையும் குறித்து ஒரு மின்னஞ்சலாவது அனுப்பிவிட வேண்டும்.

முன்பணப் பத்திரத்தோடு சேர்த்து நீட்டப்படும் இன்னொரு தாளில் வாசிக்காமல் கையெழுத்திடுவதும் பெரிய தவறு. “என் கடவுச்சீட்டைப் பாதுகாப்புக் கருதி என் சொந்த விருப்பத்தின்பேரில் ஒப்படைக்கிறேன்” என்பது போன்ற ஒரு வரி அதில் இருக்கும். ஊழியரின் அலுவல் ஆவணங்களை முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்று அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 33ஆம் எண் தொழிலாளர் சட்டம் (13ஆம் பிரிவு) சொல்கிறது. அந்த விதிக்கு எதிரே நிர்வாகம் தூக்கிப் பிடிக்கும் கேடயம்தான் இந்த வரி. கத்தாரில் இத்தகைய கடிதத்துக்கு எடை இன்னும் அதிகம். அந்நாட்டின் 2015ஆம் ஆண்டு 21ஆம் எண் சட்டம் கடவுச்சீட்டைத் திருப்பித் தராத முதலாளிக்கு 25,000 ரியால் வரை அபராதம் விதித்தாலும், ஊழியரே எழுத்துமூலம் கேட்டுக்கொண்டால் வைத்திருக்க இடம் தருகிறது. கையெழுத்திட்டு விட்டவர்களும் அதே போல் எழுத்துமூலம் திரும்பக் கேட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றிலும் ஆழமான தவறு, கடன்பட்டவருக்கு முறையிட வாய் இல்லை என்று நினைத்துக்கொள்வது. படித்தவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள், ஏனெனில் கடனாளி என்ற சொல் அவர்களை அவ்வளவு கூச வைக்கிறது. கடன் உண்மையானதாகவே இருக்கட்டும். அதை வசூலிக்கச் சட்டம் வேறு வழிகளை வைத்திருக்கிறது. அமீரகத்தின் அதே தொழிலாளர் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, ஊழியரின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன், வட்டி இல்லாமல், முன்பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடனாளி நாட்டைவிட்டு ஓடிவிடுவார் என்று அஞ்சும் முதலாளி, நிலுவை 10,000 திர்ஹத்துக்குக் குறையாதபோது, நீதிமன்றத்திடம் பயணத்தடை கோரலாம். அங்கே நீதிபதி ஆதாரம் கேட்பார், ஆசிரியரும் பதில் சொல்லலாம். பெட்டகத்தின் சாவியை வைத்திருப்பவரோ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால்தான் அந்த வழியை விரும்புகிறார்.

இது வளைகுடாவுக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. 2007 முதல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பள்ளிகளுக்கு வேலைக்கு வந்த சுமார் 350 பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் முகவர் கட்டணத்துக்காகப் பெருங்கடன் வாங்கினார்கள். மாதம் 3 முதல் 5 சதவீத வட்டிக்குக் கடன் கொடுப்பவர்களை முகவரே கைகாட்டியதாகவும், அடுத்த தவணையைக் கட்டும்வரை கடவுச்சீட்டுகளைத் தர மறுத்ததாகவும் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2012 டிசம்பரில் நீதிமன்றத்தின் நடுவர் குழு (ஜூரி) அவர்களுக்கு 45 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. அவர்களும் கடனாளிகள்தாம்; நீதிமன்றப் படியேற அது தடையாக இருக்கவில்லை.

கோடை விடுமுறை நெருங்கும்போது வேறொரு சிக்கல் முளைக்கும். ஊருக்குப் போக வேண்டியவரின் கடவுச்சீட்டை விடுவிக்க, உடன் பணிபுரியும் இன்னொருவர் தம்முடையதை ஜாமீனாக வைக்க வேண்டும் என்ற நிபந்தனை அது. நண்பருக்காக இதற்கு இசைகிறவர், அவர் வாங்கிய கடனுக்கும், அவர் திரும்பி வருவாரா என்ற ஐயத்துக்கும் தம் தலையைக் கொடுக்கிறார். நட்பின் பேரில் செய்யக் கூடாத உதவி இது. மறுப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

பொறுமையிழந்து கடவுச்சீட்டு தொலைந்துவிட்டது என்று புகார் கொடுத்து, புதியது வாங்கப் பார்ப்பவர்களும் உண்டு. யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தே தொலைந்ததாகச் சொல்வது பொய்த் தகவல். கடவுச்சீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி அது குற்றம். அதுவரை நிர்வாகத்தின் பக்கம் இருந்த தவறு அந்த ஒரே மனுவால் ஆசிரியரின் பக்கம் வந்துவிடும். “என் முதலாளி வைத்திருக்கிறார், தர மறுக்கிறார்” என்ற உண்மையையே எழுதி, அமீரகத்தின் மனிதவள அமைச்சகத்திலும், துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்திலோ அபுதாபித் தூதரகத்திலோ, இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ என்ற குறைதீர் இணையதளத்திலும் முறையிட வேண்டும். அந்த மனுவில் வாங்கிய முன்பணத்தையும் இதுவரை கட்டிய தவணைகளையும் மறைக்காமல் எழுதி, சம்பளச் சீட்டுகளின் நகல்களையும் சேர்த்துவிடுங்கள். கடனை நாமே முதலில் சொல்லிவிட்டால், அதைச் சொல்லி அச்சுறுத்த எதிர்த்தரப்புக்கு எதுவும் மிஞ்சாது.