போர்க்காயம்: ஓய்வூதியக் கோப்பும் கிளினிக் கொப்பியும்

இலங்கையில் போரில் காயப்பட்டவர் உதவி கேட்பதென்றால், முதலில் எந்தக் கந்தோருக்குப் போவது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முப்படையிலோ பொலிஸிலோ கடமையில் இருந்தபோது காயப்பட்டவருக்கு அங்கவீன ஓய்வூதியம். அது அவருடைய படைப்பிரிவின் ஆவணப் பகுதி வழியாக, காயத்தை மதிப்பிடும் மருத்துவச் சபைக்குப் போகும். ஓய்வூதியம் பற்றிய கேள்விகளுக்கு மாளிகாவத்தையிலுள்ள ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 இலக்கம் இருக்கிறது. ஷெல்லடியிலோ மிதிவெடியிலோ அகப்பட்ட பொதுமக்களுக்கு அந்த ஓய்வூதியம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பமென்றால் பிரதேச செயலகத்தில் அங்கவீனக் கொடுப்பனவு கேட்கலாம். 2025 ஏப்ரலில் அது மாதம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இழப்பீடுகளுக்கான அலுவலகம் வேறு. அதற்குத் தனி விண்ணப்பம்.

எந்தக் கந்தோரானாலும் கோப்பைத் தூக்கி நிறுத்துவது வைத்திய அறிக்கைதான். பெரும்பாலும் தடுக்கி விழுவதும் அங்கேதான். “கால் ஊனம்” என்று இரண்டு சொல்லில் எழுதிய துண்டை வைத்துக்கொண்டு யாரும் சரியாகத் தீர்மானிக்க முடியாது. எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எந்தத் திகதியில் எதனால் காயம், நிரந்தரமா, எந்த வேலை செய்ய முடியாது, குளிக்கவும் உடுக்கவும் துணை வேண்டுமா என்று அறிக்கையில் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். குண்டுவெடிப்பில் காது மந்தமாயிருந்தால் கேட்டல் பரிசோதனைத் தாளையும் சேர்க்க வேண்டும். தூக்கமின்மை, திடுக்கிடல் போன்றவற்றுக்கு மனநலக் கிளினிக்கின் பதிவு தேவை. வெளியே தெரியாத காயத்தைச் சபைக்கு முன்னால் காட்டித்தருவது அந்தத் தாள்தான்.

வைத்தியசாலையில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது தந்த அட்டை தொலைந்துவிட்டதா? அனுமதித்த திகதியையும் வார்ட் இலக்கத்தையும் எழுதி, வைத்தியசாலைப் பணிப்பாளருக்குக் கடிதம் கொடுங்கள். பழைய பதிவு கிடைக்காவிட்டால் கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, அக்கால பொலிஸ் முறைப்பாடு அல்லது படைப்பிரிவின் காய அறிக்கை கைகொடுக்கும். எதற்கும் மூலப் பிரதியைக் கையைவிட்டு விடாதீர்கள். போட்டோ கொப்பியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதியும் முத்திரையும் வாங்குங்கள்.

நம்மவர்களின் கோப்புகள் தேங்குவதற்கு இன்னொரு காரணம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, சிங்களத்தில் எழுதிய சேவைப் பதிவில் வேறு மாதிரி. விண்ணப்பிக்கும் முன்பே கிராம சேவகரின் உறுதிக் கடிதத்தோடு, எல்லாப் பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துவிடுங்கள். விண்ணப்பத்தைத் தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் மொழி உரிமை முறைப்பாட்டு இலக்கமான 1956க்கு அழைத்து முறையிடலாம். மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால், 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் “கோப்பு இப்போது யாரிடம், எந்த ஆவணம் குறைகிறது” என்று மட்டும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அந்தக் கோரிக்கைக்கு முடிவு சொல்லியாக வேண்டும்.

கோப்பு நகரும்வரை வைத்தியத்தை நிறுத்தாதீர்கள். படையினருக்கு நாரஹேன்பிட்டி இராணுவ வைத்தியசாலை, மற்றவர்களுக்குத் தேசிய வைத்தியசாலை. புனர்வாழ்வுக்கு ராகமை வைத்தியசாலை. செயற்கைக் காலுக்குக் கொழும்பு 2, சேர் ஜேம்ஸ் பீரிஸ் மாவத்தையில் ஃப்ரெண்ட்-இன்-நீட் சொசைட்டி 1985 முதல் ஜெய்ப்பூர் கால் செய்துவருகிறது. புதிதாகத் துண்டித்த கால் மாதங்கள் போகப்போக வற்றும், அதைச் செருகும் செயற்கைக் காலின் கிண்ணம் தளரும். தளர்ந்தால் காலுறை ஒன்று கூடப் போடலாம். காலுறைகளை அடுக்கியும் நிற்காவிட்டால் கிண்ணத்தையே மாற்ற வேண்டும். செயற்கைக் காலைக் கழற்றிப் பத்துப் பதினைந்து நிமிடமாகியும் சிவப்பு மறையவில்லையென்றால் அந்த இடம் நசுங்குகிறது. புண்ணாகும் முன் கொண்டுபோய்க் காட்டுங்கள். புண்ணோடு காலை மாட்டவே கூடாது, நீரிழிவு உள்ளவர்கள் முக்கியமாக. கொழும்பு வியர்வைக்கு நடுப்பகலில் காலுறை மாற்றுங்கள். கழுவுவதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கழுவி ஈரத்தோடு மாட்டினால் தோல் ஊறிக் கிழியும். முழங்காலுக்குக் கீழ்த் தலையணை வைத்துப் படுத்தால் முழங்கால் மடங்கியே இறுகிவிடும், பிறகு எந்தச் செயற்கைக் காலும் சரிவராது.

உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எம்ஆர்ஐ என்ற காந்த ஸ்கேன் எடுக்கப் போகும்போது, கேட்காவிட்டாலும் அதைச் சொல்ல வேண்டும். இரும்புத் துண்டு காந்தத்தில் அசையும். கண்ணருகில் இருந்தால் பார்வையே போகலாம். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதித்தரச் சொல்லுங்கள்.