வெள்ளி ரூபாய் எந்த ஊரில் அடித்தது? நாணயச் சாலைக் குறியைக் கண்டறியும் முறை

வேலூர், ஆற்காடு பக்கத்து வீடுகளில் பழைய மரப்பெட்டியைத் திறந்தால், ராணி தலை ரூபாயோ ராஜா தலை ரூபாயோ ஒன்றிரண்டு இன்றும் கிடைக்கும். தலையையும் ஆண்டையும் பார்த்தவுடன் நாணயத்தை எடுத்து வைத்துவிடுகிறோம். அது எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லும் குறியோ, கடுகளவுகூட இல்லாமல் பூவேலைப்பாட்டின் அடியில் ஒதுங்கியிருக்கும். ஒரே ஆண்டு பொறித்த இரு நாணயங்களில் ஒன்று எளிதாகவும் மற்றது அரிதாகவும் கிடைப்பதற்கு அந்தக் குறியே பல நேரங்களில் காரணமாகிறது.

முதல் படி: துலக்காதீர்கள்

எங்கள் வீட்டில் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்றைப் பண்டிகைதோறும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஆண்டெண் தெளிவாக இருக்கிறது. ஊரைக் காட்டும் புள்ளி இருக்கவேண்டிய இடம் மழுங்கி வழவழப்பாகிவிட்டதால், அது பம்பாயா கல்கத்தாவா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. அழுக்கு அடைந்திருந்தால் வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) ஊறவைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

இரண்டாம் படி: வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வேண்டும். விளக்கை நேர்மேலே பிடித்தால் வெள்ளியின் பளபளப்பில் குறி மறைந்துவிடும். பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து, நாணயத்தை மெதுவாகத் திருப்பினால், மேடாக உள்ள புள்ளி தனக்கென ஒரு சிறு நிழலை விழவிடும். ஒட்டிய அழுக்கும் புள்ளிபோலவே தோன்றும் என்பதால், நான் எப்போதும் இரண்டு மூன்று கோணங்களில் அந்த நிழலைப் பார்த்த பிறகே முடிவுக்கு வருகிறேன்.

மூன்றாம் படி: எங்கே, எதைத் தேடுவது

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், தலை இல்லாத பக்கத்தில், பூவேலைப்பாட்டு வளைவின் அடியிலுள்ள தாமரைப் பூவுக்குக் கீழே பாருங்கள். அங்கே மேடான புள்ளி இருந்தால் பம்பாய். ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. குறி இல்லாததும் ஒரு குறிதான் என்பதைத் தொடக்கக்காரர்கள் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். விக்டோரியா காலத்துப் பம்பாய் ரூபாய்கள் பலவற்றில் புள்ளிக்குப் பதிலாக ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து மேடாகவோ குழிவாகவோ இருக்கும். ஆறாம் ஜார்ஜ் காலத்தில், 1943-இல் லாகூரில் புதிய நாணயச் சாலை தொடங்கியபின், ‘எல்’ எழுத்தும் சேர்ந்துகொண்டது. அதே காலத்து ஓட்டைக் காலணாவையும் இப்படியே பார்க்கலாம்.

நான்காம் படி: ஏமாற்றும் குறிகள்

1835-ஆம் ஆண்டு நான்காம் வில்லியம் ரூபாயில், கழுத்து வெட்டுப்பகுதியில் ‘எஃப்’ எழுத்தைக் கண்டு அதை ஊர்ப்பெயரின் முதலெழுத்து என்று நினைத்துவிடக் கூடாது. அது கல்கத்தா நாணயச் சாலையின் தலைவர் ஃபோர்ப்ஸைக் குறிப்பது. விக்டோரியாவின் கழுத்தடியில் வரும் இரட்டை ‘டபிள்யூ’, அச்சைச் செதுக்கிய வில்லியம் வயனின் பெயரெழுத்துகள். 1862 என்று பொறித்த ரூபாய்கள் இன்னும் குழப்பமானவை: 1873 வரையிலும் அதே ஆண்டெண்ணைத் தாங்கியே வெளிவந்தன, பம்பாயில் அடித்தவற்றில் ஆண்டெண்ணை ஒட்டி வரும் புள்ளிகள், உண்மையில் எந்த ஆண்டில் அடித்தது என்பதைக் காட்ட இட்டவை.

ஐந்தாம் படி: ஆற்காடு ரூபாய்

நம் வட்டாரத்தவர் பெரிதும் தவறுவது இங்கேதான். பாரசீக எழுத்தில் ‘ஆற்காடு’ என்று ஊர்ப்பெயரே பொறித்திருப்பதால், நவாபின் ஆற்காட்டில் அடித்தது என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறோம். ஆற்காடு ரூபாய் அடிக்கும் உரிமையைப் புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர்கள் 1736-இலும், சென்னையின் ஆங்கிலேயர் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் பெற்றார்கள். அதன்பின் ஊர்ப்பெயரை மாற்றாமல் தத்தம் நாணயச் சாலைகளிலேயே அடித்தார்கள். கும்பினி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) ரூபாயில் முகலாயப் பாதுஷா இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டும், அந்தப் பாதுஷா இறந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அப்படியே நீடித்தன. ஆகவே பெயரையும் ஆண்டையும் விட்டுவிட்டு, எழுத்துகளுக்கு நடுவிலுள்ள சிறு உருவத்தைத் தேடுங்கள். தாமரை தெரிந்தால் சென்னை. பிறை தெரிந்தால் புதுச்சேரி.