முதல் வீடு வாங்குகிறீர்களா? தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு என எந்த ஊரில் வீடு பார்க்கப் போனாலும், தரகர் முதலில் காட்டுவது தேக்கு நிலைக்கதவைத்தான். நீங்கள் நேராகத் தரைத்தொட்டிக்குப் போங்கள்.

படி 1: தண்ணீர்

கோவைப் பக்கத்து வீடுகளில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு குழாய்கள் இருக்கும். சிறுவாணியோ பில்லூரோ, குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். விற்பவர் சொல்லும் கணக்கு வேண்டாம். அடுத்த முறை வரும்வரை தரைத்தொட்டி தாங்குமா என்று பாருங்கள்.

அடுத்தது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. ஆயிரம் அடி தாண்டுவது இங்கே அதிசயமில்லை. ஆழத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் மோட்டாரைப் போடச் சொல்லி அரை மணி நேரம் நில்லுங்கள். நான் முதலில் பார்த்த வீட்டில் குழாய் நிறையத் தண்ணீர் கொட்டியது. பன்னிரண்டாவது நிமிடம் காற்றோடு கொப்பளித்து நின்றுவிட்டது. குளியலறை வாளியை நகத்தால் சுரண்டினேன். உப்புத் தண்ணீர் படிந்த வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தது. அன்றே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரையோரம் வாங்குகிறவர்கள் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்தே தீர வேண்டும். சாயக்கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய பகுதி அது.

படி 2: கையிருப்பு

வீடு 40 லட்சம் என்றால் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 32 லட்சம்தான் தரும். மீதி 8 லட்சம் உங்களுடையது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதற்கு 3 லட்சத்து 60 ஆயிரம். இதற்குக் கடன் கிடைக்காது. ஆக, கையில் 11 லட்சத்து 60 ஆயிரம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

படி 3: பத்திரம்

மூலப் பத்திரத்தை அசலாகக் கையில் வாங்கிப் பாருங்கள். நகலை மட்டும் நீட்டினால், அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். 30 ஆண்டு வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது), விற்பவர் பெயரில் பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம், கட்டட அனுமதி ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துவிடுங்கள். பதிவு செய்யாத உயில் வில்லங்கச் சான்றில் வராது. அதனால் வாரிசுகள் யார் யார் என்று விசாரிப்பது அவசியம்.

படி 4: மண்ணும் தெருவும்

கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் தெரிந்தால், புதுச் சுண்ணாம்பை நம்பாமல் பொறியாளரை அழைத்து வாருங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் என்றால் இரவு பத்து மணிக்கு ஒருமுறை போய், படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு நில்லுங்கள். அடுத்த தெரு விசைத்தறிச் சத்தம் உள்ளே எவ்வளவு கேட்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.