வெப் செக்யூரிட்டி குழுவுக்கு ஆள் சேர வேண்டுமா?

உங்கள் ஊரில் ஓவாஸ்ப் (வெப் செக்யூரிட்டிக்கான உலகளாவிய லாப நோக்கற்ற அமைப்பு) கிளை நடத்துகிறீர்கள், ஆனால் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லையா? ஸ்லைடு பேச்சை 20 நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரம் ஓவாஸ்பின் ‘ஜூஸ் ஷாப்’ என்ற பயிற்சித் தளத்தைத் திறந்து விடுங்கள். வேண்டுமென்றே ஓட்டைகளோடு எழுதப்பட்ட கடைத் தளம் அது, இலவசம், டாக்கர் (மென்பொருளைத் தயார் பொதியாக ஓட்டும் கருவி) இருந்தால் லேப்டாப்பிலேயே ஓடும். மறைத்து வைத்திருக்கும் ஸ்கோர் போர்டைத் தேடிக் கண்டுபிடிப்பதே அதில் ஒரு தொடக்கச் சவால் என்பதால் புதிதாக வந்த மாணவர்கூட ஒதுங்கி உட்கார மாட்டார். ஜூஸ் ஷாப்பின் டாக்கர் இமேஜை, அதாவது அந்தப் பொதியை, முன்பே பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள், அரங்கத்து வைஃபையை நம்பினால் அவ்வளவுதான்.

அப்புறம், செக்யூரிட்டி ஆட்களையே திரும்பத் திரும்பக் கூப்பிடாமல் டெவலப்பர்களையும் டெஸ்டர்களையும் இழுத்து வாருங்கள். வெப் ஆப்களின் முக்கிய ஆபத்துகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்பின் 2021 டாப் 10 பட்டியலில் முதலிடத்தில் இருப்பது அனுமதிக் கட்டுப்பாட்டுக் கோளாறு. யூஆர்எல்லில் ஒரு எண்ணை மாற்றினால் அடுத்தவர் பில் தெரிகிறதே, அந்த வகை. நல்ல டெஸ்டர் அதைச் சட்டென்று பிடித்துவிடுவார். ஸ்பான்சரிடம் இடமும் டீயும் வாங்கிக்கொள்ளலாம், பொருள் விற்கும் பேச்சுக்கு மட்டும் மேடை தராதீர்கள். ஓவாஸ்ப் விதிப்படி கூட்டம் எல்லோருக்கும் இலவசம், எந்த நிறுவனத்துக்கும் சார்பு கூடாது.

நிஜத் தளங்களில் அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது என்பதை முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள். அடுத்த தேதியைக் கூட்டம் கலைவதற்குள் அறிவித்துவிட வேண்டும், மாதத்தின் மூன்றாவது சனி என்று நிலையாக வைத்தால் இன்னும் சௌகரியம்.