ஓஎஸ் போடும் முன் டிஸ்க்கைத் துடைப்பது எப்படி

முதல் வேலை, ஓஎஸ் (இங்கே விண்டோஸ்) போகப்போகிற டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லா டிஸ்க்கின் கேபிளையும் கழற்றி வைப்பது. வியாசர்பாடியில் பக்கத்து வீட்டு அண்ணனின் கம்ப்யூட்டரில் ஓஎஸ் போடப் போய், டிஸ்க் 0 என்றால் சி டிரைவ்தானே என்று நானாக முடிவு பண்ணி, அவர் மகளின் மஞ்சள் நீராட்டு விழா போட்டோக்கள் இருந்த டிஸ்க்கைத் துடைத்துவிட்டேன். அண்ணி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அதனால் எண்ணை நம்பாதீர்கள், அளவைப் பாருங்கள். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும் 240 ஜிபி எஸ்எஸ்டி (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) 223 ஜிபி என்றும் தெரியும்.

பேக்கப் எடுக்கும்போது டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாலி டேட்டா, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எதையும் விடாதீர்கள். பேக்கப் டிஸ்க்கில் பிட்லாக்கர் (விண்டோஸின் சங்கேதப் பூட்டு) இருந்தால் அதன் 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் அந்த டிஸ்க்கையும் பிடுங்கிவிடுங்கள்.

8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு விண்டோஸை ஏற்றுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது போய்விடும். அதிலிருந்து பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்பு ஜன்னல் வரும். டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் (எண்ணோடு) என்று ஆங்கிலத்தில் வரிசையாக அடித்து, மறுபடி லிஸ்ட் டிஸ்க் அடித்து நட்சத்திரக் குறி எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் கிளீன். "நிச்சயமா?" என்றெல்லாம் அது கேட்காது, இரண்டு நொடியில் வேலை முடிந்துவிடும். பிறகு ஜன்னலை மூடிவிட்டு, இன்ஸ்டாலைத் தொடர்ந்து, டிஸ்க் பட்டியலில் அன்அலோகேட்டட் (பிரிக்கப்படாதது) என்று காட்டும் இடத்தைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுங்கள், பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) விண்டோஸே போட்டுக்கொள்ளும்.

நாமே வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டருக்கு இது போதும். ஆனால் கிளீன் அழிப்பது பார்ட்டிஷன் விவரத்தைத்தான், ஃபைல்கள் உள்ளேயே கிடக்கும், ரெக்கவரி சாஃப்ட்வேர் வைத்திருப்பவர் எடுத்துவிடுவார். விற்கப்போகிறீர்கள், ஹார்ட் டிஸ்க் என்றால் கிளீன் ஆல் அடியுங்கள். டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதும், 1 டிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும். கத்திரி வெயிலில் யுபிஎஸ் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான். 35 தடவை எழுத வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது 1996-இல் பீட்டர் குட்மன் என்ற கம்ப்யூட்டர் ஆய்வாளர் அந்தக்கால டிஸ்க்குகளுக்குச் சொன்ன கணக்கு, இன்றைய டிஸ்க்குக்கு ஒரு தடவை போதும்.

எஸ்எஸ்டிக்கு கிளீன் ஆல் வேண்டாம். உள்ளே அது ஒதுக்கி வைத்திருக்கும் செல்களுக்கு நாம் எழுதும் பூஜ்ஜியம் போய்ச்சேராது, தேய்மானம்தான் மிச்சம். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) செக்யூர் இரேஸ் என்ற முழு அழிப்பு வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் எஸ்எஸ்டி கம்பெனியே கொடுக்கும் டூல்.

கழற்றிய கேபிள்களைப் புது விண்டோஸ் ஒருமுறை டெஸ்க்டாப் வரை வந்து, ஷட்டவுன் செய்த பிறகு மாட்டுங்கள்.