படுக்கையில் இருப்பவரைப் பார்க்கும் வீட்டுக்கு உதவித் தகவலைக் கொண்டுபோவது எப்படி

நீலகிரியில் பந்தலூர், சேரம்பாடி பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ரொம்ப காலம் பிள்ளைக் காம்பரா என்கிற குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்தவள் நான். அம்மாக்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். அதனால் எந்த வீட்டிலும் எனக்கு ஒரு டம்ளர் சாயா உண்டு. அந்த வீடுகளில் பலவற்றில் இப்போது யாராவது படுக்கையில் இருக்கிறார்கள். பக்கவாதத்தில் விழுந்த மாமனார், பெற்ற மகளையே அடையாளம் தெரியாத மாமியார், பிறந்ததிலிருந்து எழுந்து உட்காராத மகன் என்று. அவர்களுக்கான உதவிகள் அரசாங்கத்தில் இருக்கத்தான் செய்கின்றன. கூடலூரிலிருந்து லைன் வீடு வரை அவை வந்து சேர்வதில்லை, அதுதான் தொல்லை. இதே வேலையில் இறங்க நினைக்கும் மகளிர் குழுக்காரர்களுக்கும் படித்த பிள்ளைகளுக்கும் எனக்குத் தெரிந்த முறையைச் சொல்கிறேன்.

முதலில், நோட்டீஸ் கட்டோடு போகாதீர்கள். இருபது திட்டத்தின் பெயர் போட்ட தாள் மறுநாள் அடுப்படிச் செல்ஃபில் டப்பாவுக்கு அடியில் விரிப்பாகிவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காலையில் நோயாளியின் துணியை அலசிவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு, தோட்டத்தில் வேலைக்குப் பேர் போட ஓடுகிறவளுக்கு எதைப் படிக்க நேரம்? ஒரு முறை போனால் ஒரு விஷயம் போதும். எந்த விஷயம் என்பதை அவளே சொல்லிவிடுவாள். "ராத்திரி தூங்குறியாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதுகில் புண் என்பாள், மாத்திரை வாங்க ஜீப்புக்கே காசு போய்விடுகிறது என்பாள், பென்ஷன் நின்றுபோச்சு என்பாள். எதை முதலில் சொல்கிறாளோ அன்றைக்கு அதை மட்டும் எடுங்கள்.

போகும் நேரமும் முக்கியம். கொழுந்து கொட்டும் மாதங்களில் வேலை நாளில் போனால் வாசலில் நின்று பேசிவிட்டு வர வேண்டியதுதான். ஞாயிறு மத்தியானம் நல்லது. கொழுந்து எடை போடும் இடத்திலோ ரேஷன் கடை வரிசையிலோ நோயாளி பேச்சை எடுக்காதீர்கள். "அவங்க வீட்டுக் கிழவி படுக்கையிலேயே போகுதாம்" என்ற பேச்சு ஒருமுறை லைனில் கிளம்பிவிட்டால் அந்த வீட்டுக்குள் அப்புறம் உங்களை விடமாட்டார்கள்.

தொலைபேசி எண்களைக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நான்கு போதும். அவசர வண்டிக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. முதியோர் சம்பந்தமான எதற்கும் 14567, இது காலை 8 முதல் இரவு 8 வரை. மனசு தாங்காதபோது பேச 14416, இது ராப்பகலாக இருக்கிறது, தமிழில் பேசலாம். பார்த்துக்கொள்கிறவர்கள் தங்களுக்காகவும் இந்தக் கடைசி எண்ணைக் கூப்பிடலாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அது நோயாளிக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

எண்ணை ஒட்டியதோடு வேலை முடியாது. 108-க்கு என்ன சொல்வது என்பதையும் கீழே எழுத வேண்டும். எங்கள் பக்கம் "நாலாம் நம்பர் லைன்" என்றால் பேசுகிறவருக்கு என்ன புரியும்? தோட்டத்தின் பெயர், டிவிஷன், தார் ரோட்டிலிருந்து பிரியும் இடத்தில் இருக்கும் கோயிலோ ஃபேக்டரியோ, இந்த வரிசையில் எழுதுங்கள். வண்டி எதுவரை வரும் என்பதை மழைக்கும் வெயிலுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். தேவாலா, பந்தலூர் மழையில் மண் ரோட்டில் வண்டி இறங்காது. அங்கிருந்து நோயாளியைத் தூக்கி வர நான்கு பேர் யார், அவர்கள் நம்பர் என்ன என்பதும் அதே அட்டையில் இருக்கட்டும். யானை நடமாட்டம் இருக்கும் இடத்தில் ராத்திரி முன்னால் டார்ச்சோடு போகிறவர் யார் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். போன் எடுக்கும் இடத்தையும் எழுதுங்கள். சில லைன்களில் பாறைமேல் ஏறினால்தான் சிக்னல்.

முதல் அழைப்பை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்ய வையுங்கள். 14567-ஐ ஸ்பீக்கரில் போட்டு, பேச்சை அவளிடமே விட்டுவிடுங்கள். ஒருமுறை தானே பேசிவிட்டவள் அடுத்த முறை தயங்கமாட்டாள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் நீங்களே ஒரு நிமிஷத்துக்குள் பேசி அனுப்புங்கள். எங்கிருந்தோ வந்த படத்தைத் தள்ளிவிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுத்துத் தெரியாத பாட்டியும் குரல் என்றால் இரண்டு தடவை கேட்பாள்.

சரி, எதையெல்லாம் சொல்வது? மருந்தில் தொடங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும். அதே திட்டத்தில் படுக்கையில் இருப்பவரை வீட்டில் வந்து பார்க்கும் நர்ஸும், கை கால் பயிற்சி கொடுப்பவரும் உண்டு. மாத்திரையைத் தெரிந்த வீடுகளுக்கும் இந்த இரண்டாவது விஷயம் தெரிவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறதா என்று நேரில் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

நர்ஸ் வரும் நாள் அந்த வீட்டுப் பெண் வேலைக்குப் போயிருந்தால் எல்லாம் வீண். ஒரு நாளைச் சொல்லி வாங்கி, அன்றைக்கு அவளை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். படுக்கைப் புண்ணைப் பற்றிப் பேசிப் புரியவைக்க முடியாது, செய்து காட்டத்தான் வேண்டும். பழைய நூல் சேலையை நான்காக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரிக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், சேலையின் ஓரத்தை உடம்போடு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒன்றாகச் சொல்லித் தூக்கி நகர்த்த வேண்டும். ஆளை இழுத்தால் தோல் உரசிக் கிழியும். ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்கால் அடியில் ஒரு சுருட்டின துண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். எலும்பு துருத்தும் இடத்தில் தோல் சிவந்து, திருப்பிப் போட்ட பிறகும் அந்தச் சிவப்பு போகவில்லை என்றால் அன்றைக்கே நர்ஸுக்குச் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, தொட்டுப் பார்த்துச் சூடோ கெட்டியோ இருக்கிறதா என்று பார்க்கணும். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டு இதைக் காட்டிவிடுங்கள். இரண்டு பேர் வேண்டிய வேலை இது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது நாக்கை அடக்கிக்கொள்ளுங்கள். "வாங்கிக் கொடுக்கிறேன்" என்று சொல்லவே கூடாது. என்ன இருக்கிறது, என்ன காகிதம் வேண்டும், அதோடு நிறுத்துங்கள். 75 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்று உள்ளவர்களுக்கு மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது. அதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முதலில் வேண்டும். ஊட்டிக்கு அலையவிடாமல், தாலுகாவில் முகாம் எப்போது என்று கேட்டு வந்து சொல்வதே பெரிய உதவி. தோட்டத்தில் பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகத் தேவையில்லை. தபால்காரரிடம் சொன்னால் வீட்டுக்கு வந்து எடுப்பார். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு ரேஷனைக் கொண்டுவந்து கொடுக்கும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. ரேஷன் கடைக்காரரிடம் அந்த வீட்டு ரேஷன் அட்டை பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள்.

சிலோனிலிருந்து வந்த குடும்பங்களில் இன்னொரு சிக்கல். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்களின் பழைய காகிதத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப். கணக்கில் மூன்றாவது பெயர். எந்த விண்ணப்பமும் இங்கேதான் முட்டிக்கொள்ளும். முகாமுக்கு முன்பே எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பெயரையும் தேதியையும் ஒத்துப் பாருங்கள்.

பணியர், காட்டுநாயக்கர் என்கிற ஆதிவாசி மக்களின் ஊர்களுக்குப் போவதானால் தனியாகக் கிளம்ப வேண்டாம். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990-லிருந்து இருக்கிறது. அங்கே ஆதிவாசி மக்களிலேயே பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் உண்டு. அவர்களோடு போங்கள், அவர்கள் பேசட்டும்.

பார்த்துக்கொள்கிறவளுக்கு ஓய்வு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்றால் ஒருத்தியும் கூப்பிடமாட்டாள். "ஞாயிறு பத்து மணிக்கு வந்து உட்கார்றேன், நீ தலைக்குக் குளிச்சிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வா" என்று நாளும் மணியும் சொல்லுங்கள். மழை என்றாலும் போய்விடுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகனிடமும் இப்படித்தான். "அம்மாவைப் பார்த்துக்கோ" என்ற வார்த்தைக்குப் பதில், பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு கட்டு மாதா மாதம் அவன் பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்துவிடலாம்.

நோயாளி இறந்த பிறகும் ஒரு முறை போக வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதை வைத்துத்தான் மனைவிக்கு விதவை பென்ஷன் கேட்க முடியும். காரியம் முடிகிற வரை பொறுத்து, அப்புறம் பேசுங்கள். இரவல் வாங்கிய சக்கர நாற்காலியும் காற்று மெத்தையும் இருந்தால், அதை நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களே எடுத்துப் போகச் சொல்வார்கள். டெட்டால் தண்ணீரில் துடைத்து வெயிலில் காயவைத்து, மெத்தை மோட்டார் ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்து எந்த வீட்டுக்கு என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.